நாளைக்கு லீவா? கடை மேசைக்கு வரும் கேள்விகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. "தம்பி, நாளைக்கு லீவு உண்டுமா?" என்ற கேள்வி தினமும் நாலு தடவையாவது வந்துவிடும். எதற்கு லீவு என்று நான் திருப்பிக் கேட்பேன். ஸ்கூலுக்கா, பேங்குக்கா, துபாயில் இருக்கும் மகனுடைய கம்பெனிக்கா? ஒவ்வொன்றுக்கும் லீவு கொடுக்கிறவர் வேறு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

காலண்டரில் சிவப்பில் இருந்தால் எல்லாருக்கும் லீவுதானே?

கிடையாது. நாடு முழுக்க எந்த மாநிலமானாலும் பொதுவாக இருக்கும் தேசிய விடுமுறை மூன்றுதான்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்றவற்றை மத்திய அரசு தன் அலுவலகங்களுக்குத் தனியாகவும், மாநில அரசு தனியாகவும் அறிவிக்கின்றன. 2025-க்குத் தமிழக அரசு போட்ட பட்டியலில் 24 நாட்கள். அதில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்குக்காக மட்டும். அன்றைக்குத் தாலுகா ஆபீஸ் திறந்துதான் இருக்கும். காலண்டர்காரர் சிவப்பு அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

காலண்டரில் பொடி எழுத்தில் இன்னும் சில நாட்கள் இருக்கும். அவை ஆர்.எச்., அதாவது வரையறுக்கப்பட்ட விடுப்பு. அரசு ஊழியர் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எண்ணி எடுத்துக்கொள்ளலாம். அவர் சீட்டில் இருக்கமாட்டார், ஆபீஸ் இருக்கும்.

ஆனித் தேருக்குக் கலெக்டர் லீவு விட்டிருக்கிறார். பேங்க் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு மாவட்ட ஆட்சியர் விடுவது உள்ளூர் விடுமுறை. மாவட்டத்துக்குள் இருக்கும் மாநில அரசு அலுவலகங்கள், பள்ளி, கல்லூரிகளுக்கு அது பொருந்தும். அறிவிப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: 'செலாவணி முறிச் சட்டம் 1881-ன்படி இது பொது விடுமுறை நாள் அல்ல.' வங்கிகளைக் கட்டுப்படுத்துவது அந்தச் சட்டம்தான். காசோலை, உறுதிப்பத்திரம் போன்ற பணப் பத்திரங்களுக்கான சட்டம் அது. அதன் 25-வது பிரிவு, ஒரு பத்திரத்தின் கெடு பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் தரவேண்டும் என்கிறது. பொது விடுமுறை என்றால் எது என்ற விளக்கமும் அதே பிரிவில்தான். கலெக்டர் விடும் நாள் அந்த விளக்கத்துக்குள் வராது. ஆகவே டவுனில் தேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேங்கில் டோக்கன் ஓடிக்கொண்டிருக்கும். கருவூலமும் கொஞ்சம் ஆட்களோடு நடக்கும். பொதுத்தேர்வு ஏதாவது அன்று இருந்தால் அதுவும் நடக்கும்.

இதை நான் கற்றது இன்னொருத்தர் செலவில். சில வருஷத்துக்கு முன்னால், தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், சுத்தமல்லிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். மகளுக்கு நர்சிங் சேர்க்கை, டிடி எடுக்க வேண்டும். மஞ்சள் பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டைக் காட்டி, "நாளைக்குப் பேங்க் இருக்குமா தம்பி?" என்றார். சுவரில் காலண்டர் தாளில் நானே சிவப்புப் பேனாவால் 'தேர், லீவு' என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "லீவுக்கா, நாளன்னைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன். கெடு தேதியே தேரன்றுதான். அபராதம் 500 ரூபாய் கட்டிச் சேர்த்தார்கள். அதில் பாதியை நான் கொடுக்கப் போனபோது அந்த அக்கா வாங்கவில்லை, அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப் பதிவுக்கு என் கடைக்குத்தான் வந்தார். இப்போதெல்லாம் அந்தத் தாளில் 'தேர், ஸ்கூல் லீவு, பேங்க் உண்டு' என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த லீவுக்குப் பதிலாகச் சனிக்கிழமை வேலை என்கிறார்களே?

ஆமாம். உள்ளூர் விடுமுறை பெரும்பாலும் கடன்தான். எந்தச் சனிக்கிழமை என்று அதே அறிவிப்பில் இருக்கும். பிள்ளைகள் அந்த வரியை மட்டும் வீட்டில் சொல்லமாட்டார்கள்.

தென்காசி, தூத்துக்குடிக்கும் ஆனித் தேர் லீவு பொருந்துமா?

பொருந்தாது. ஒரு காலத்தில் எல்லாமே ஒரே ஜில்லா. 1986 அக்டோபரில் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. லீவுகளும் பாகப்பிரிவினை ஆகிவிட்டன. சங்கரன்கோவில் ஆடித்தபசு இப்போது தென்காசி ஆட்சியர் கையில். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் தூத்துக்குடி ஆட்சியர். மாசி 20, அய்யா வைகுண்டர் அவதார நாள், பெரும்பாலும் மார்ச் 4-ல் வரும். அது மட்டும் கன்னியாகுமரி தொடங்கி இந்தப் பக்கம் வரைக்கும் பல மாவட்டத்துக்கும் பொது. பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு தூத்துக்குடியில் வேலை பார்க்கும் டீச்சர் வீடுகளில், அம்மாவுக்கு லீவு இருந்தால் பிள்ளைக்கு இருக்காது.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். மே 1-க்கு எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா?

சட்டப்படி உண்டு. 1958-ல் தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கென்று தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும், அதோடு பண்டிகை நாட்கள் ஐந்தும், ஆக ஒன்பது நாட்கள் சம்பளத்தோடு தரவேண்டும். கடை, ஓட்டல், தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் எல்லாம் இதற்குள் வரும். அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றையச் சம்பளமும் வேறொரு நாள் லீவும். வீட்டில் பீடி சுற்றுகிறவர்களும் கேட்கிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அவர்கள் கணக்கு வேறு, அதற்குச் சங்கத்தில் விசாரியுங்கள். மே தினக் கொடியை இந்தியாவில் முதலில் ஏற்றியவர் சிங்காரவேலர், 1923-ல், சென்னையில்.

ஏப்ரல் 14-ஐத் தமிழ்ப் புத்தாண்டு என்பதா, விசு என்பதா?

எங்கள் ஆச்சிக்கு அது சித்திரை விசு, அவ்வளவுதான். முந்தின ராத்திரியே கண்ணாடியின் முன்னால் தட்டு வைத்து, மாங்காய், பலாச்சுளை, வெள்ளரிக்காய், சில்லறைக் காசு, ஒரு சங்கிலி எல்லாம் பரப்பி வைப்பாள். விடியற்காலையில் எங்கள் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டுபோய் அதன் முன்னால்தான் கையை எடுப்பாள். மாமா ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் விரல் இடுக்கில் பார்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். பாபநாசத்தில் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. அகத்தியருக்குச் சிவன் திருமணக் காட்சி கொடுத்த நாள் என்று ஐதீகம்.

அரசுப் பட்டியலில் அந்த நாளுக்குத் தமிழ்ப் புத்தாண்டு என்று பெயர், அம்பேத்கர் பிறந்த நாளும் அதுவே. 2008-ல் தை முதல் நாளையே புத்தாண்டாக்கிச் சட்டம் வந்தது, 2011-ல் அது ரத்தானது. லீவு என்னவோ எந்த ஆட்சியிலும் போகவில்லை.

இந்த நாள் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்து ஆண்டு பிறப்பது என்ற கணக்கு கடல் தாண்டியும் போயிருக்கிறது. கேரளத்தில் விஷு, அசாமில் பிஹு, வங்காளத்தில் பொய்லா பைசாக். இலங்கையில் சிங்களவருக்கும் தமிழருக்கும் சேர்த்து ஒரே புத்தாண்டு, இரண்டு நாள் விடுமுறை. தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், தெருவில் போகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். மியான்மரிலும் கம்போடியாவிலும் அதே வாரம்தான். ஏப்ரல் நடுவில் பாங்காக்கில் இருந்து சரக்கு வரவேண்டியிருந்தால் மார்ச்சிலேயே சொல்லி வையுங்கள்.

பெருநாள் தேதி ஏன் கடைசி ராத்திரி வரை தெரிவதில்லை?

மேலப்பாளையத்துக்காரர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் அவர்களிடம் பிரியாணிக்குச் சொல்லி வைத்திருப்பவர்கள்தான். ஹிஜ்ரி மாதம் பிறை பார்த்துப் பிறக்கிறது, 29-ம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் 30 நாள் பூர்த்தி. இங்கே தலைமை காஜி அறிவிப்பார். அரசுப் பட்டியலில் இருக்கும் தேதி முன்கூட்டிப் போட்ட கணக்கு, பிறை தள்ளினால் லீவும் தள்ளும். வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னால். அதனால் வாப்பா ரியாத்தில் பெருநாள் கொண்டாடிக்கொண்டு வீடியோ காலில் வரும்போது பிள்ளைகள் இங்கே கடைசி நோன்பில் இருப்பார்கள்.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால்தான் ரமலான் ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்கிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொன்று என்று இரண்டு தடவை தொடங்கும்.

துபாயில் வெள்ளிக்கிழமை லீவா, ஞாயிறா?

இப்போது சனி, ஞாயிறு. 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரக அரசு அலுவலகங்கள் வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை என்று மாறின. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விட்டுவிட்டது. சவூதி, குவைத், கத்தார் பக்கம் வெள்ளி, சனி. சவூதியிலேயே 2013 வரைக்கும் வியாழன், வெள்ளியாகத்தான் இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் 'வியாழக்கிழமை போன் பண்ணுகிறேன்' என்பார்கள். இதெல்லாம் ஆபீஸ் கணக்கு. கட்டட வேலைக்குப் போன தம்பிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் உண்டு.

அந்த நாடுகளின் தேசிய தினங்களும் தூதரக வேலைக்குத் தெரிந்திருக்க வேண்டும்: அமீரகம் டிசம்பர் 2 (1971-ல் எமிரேட்டுகள் ஒன்றான நாள்), சவூதி செப்டம்பர் 23 (1932), கத்தார் டிசம்பர் 18, குவைத் பிப்ரவரி 25. குவைத்துக்கு மறுநாளும் விடுமுறை, 1991-ல் ஈராக்கிடமிருந்து மீண்ட நாள். பஹ்ரைன் கதை வேடிக்கை. சுதந்திரம் அறிவித்தது 1971 ஆகஸ்ட் 15, நம்முடைய அதே தேதி. ஆனால் கொண்டாடுவது டிசம்பர் 16.

ஆகஸ்ட் 15 என்றதும் ஞாபகம் வருகிறது. கொரியர்களுக்கும் அது விடுதலை நாள், 1945-ல் ஜப்பானிடமிருந்து. காங்கோ குடியரசுக்கு 1960-ல் பிரான்சிடமிருந்து.

சிங்கப்பூரில் தீபாவளிக்கு லீவு, தைப்பூசத்துக்கு ஏன் இல்லை?

இருந்தது. 1968-ல் சிங்கப்பூர் தன் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம் போய்விட்டது, தீபாவளி நின்றது. இப்போது அங்கே ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அவற்றில் ஒன்று ஞாயிறில் விழுந்தால் திங்கள் லீவு. நம் ஊரில் பொங்கல் ஞாயிறில் விழுந்தால் விழுந்ததுதான்!

மலேசியாவில் தைப்பூசம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பினாங்கு, பேராக், சிலாங்கூர், கோலாலம்பூரிலெல்லாம் உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. தீபாவளி சரவாக் தவிர மற்ற எல்லா இடத்திலும். மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. இத்தனைக்கும் பிறகு, பழனி இருக்கிற தமிழ்நாட்டில் தைப்பூசம் பொது விடுமுறையானது 2021-ல்தான். தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் நெல்லையப்பருக்குத் தீர்த்தவாரி நடக்கும், அதற்கு முன்பெல்லாம் நாங்கள் பர்மிஷன் போட்டுவிட்டுத்தான் போவோம்.

கொழும்புக்கு நாலு நாள் போகிறோம். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பௌர்ணமியை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை. மதுக்கடை, இறைச்சிக்கடை மூடியிருக்கும். வைகாசிப் பௌர்ணமி வெசாக்குக்கு இரண்டு நாள். தைப்பொங்கலும் அங்கே அரசு விடுமுறை. பிப்ரவரி 4 சுதந்திர தினம், 1948.

இங்கிலாந்துக்குச் சுதந்திர தினம் எது?

கேட்ட பையன் ஏழாங்கிளாஸ். சிரித்துவிட்டேன், அப்புறம் யோசித்தால் நல்ல கேள்வி. உலகத்தில் இத்தனை நாடுகள் இங்கிலாந்திடமிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடுகின்றன, அவர்களுக்குச் சட்டப்படி தேசிய தினமே கிடையாது. லீவை அங்கே 'பேங்க் ஹாலிடே' என்பார்கள். 1871-ல் ஜான் லபக் என்ற வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட, கொண்டுவந்த சட்டத்திலிருந்து வந்த பெயர். வங்கி மூடினால் பணப் பட்டுவாடா நிற்கும், பட்டுவாடா நின்றால் மற்ற வியாபாரமும் நிற்கும் என்ற கணக்கு. இப்போது இங்கிலாந்தில் 8 நாட்கள், ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கொஞ்சம் கூடுதல்.

அமெரிக்காவில் எல்லா லீவும் திங்கட்கிழமையே வருகிறதே?

எல்லாம் இல்லை, பாதிக்குக் கிட்ட. 1968-ல் போட்ட சட்டம், 1971-ல் அமலானது. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கட்டும் என்று சில விடுமுறைகளைத் திங்களுக்கு மாற்றினார்கள். முன்னாள் படைவீரர் நாளையும் நவம்பர் 11-லிருந்து அக்டோபர் திங்களுக்குத் தள்ளினார்கள். அது முதல் உலகப்போர் ஓய்ந்த தேதி, ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, 1978-ல் பழைய இடத்துக்கே திரும்பியது. ஜூலை 4 நகராது. நவம்பர் நாலாவது வியாழன் நன்றியறிதல் நாள். 2021-ல் ஜூன் 19 சேர்ந்து மொத்தம் 11. அடிமைகளுக்கு விடுதலை என்ற செய்தி 1865-ல் டெக்சாஸ் வரை போய்ச் சேர்ந்த நாள் அது.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. புனித வெள்ளி அமெரிக்க மத்திய அரசு விடுமுறை அல்ல, இந்தியாவில் விடுமுறை. இன்னொன்று, தனியார் கம்பெனி சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்று அங்கே மத்திய சட்டம் கிடையாது, எல்லாம் கம்பெனி மனசு. விசாவுக்குச் சென்னை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: துணைத் தூதரகம் நம் விடுமுறைக்கும் மூடும், அவர்கள் விடுமுறைக்கும் மூடும்.

உலகத் தண்ணீர் தினம், ஆசிரியர் தினம் இதற்கெல்லாம் லீவு உண்டா?

இல்லை. இவை அனுசரிக்கும் நாட்கள், கதவைச் சாத்தும் நாட்கள் அல்ல. ஆனாலும் ஒன்றிரண்டு நம்மைத் தொடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், 1993 முதல் ஐ.நா. அனுசரிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் அன்றைக்குக் கிராம சபைக் கூட்டமும் நடக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு கிராம சபைதான் முன்பு. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாகிவிட்டது. தாமிரபரணியில் கழிவு கலக்கிறது என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் அன்றைக்குப் போய்த் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். எங்கள் சித்தப்பா ஊரில் போன தடவை வந்தது பதினெட்டுப் பேர், அதில் நாலு பேர் தூக்கம்.

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். 1952-ல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் சுடப்பட்ட நாள், 1999-ல் யுனெஸ்கோ அறிவித்தது. வங்கதேசத்தில் அது விடுமுறை. நம்முடைய மொழிப்போர் தியாகிகள் நாள் ஜனவரி 25, மறுநாள் குடியரசு தின ஒத்திகையில் அது பாதி மறந்துபோகும்.

நவம்பர் 1-ம் லீவு இல்லாத நாள்தான். ஆனால் செங்கோட்டைக்காரர்கள் முன்னால் அதைச் சாதாரணமாகச் சொல்லாதீர்கள். 1956-ல் அந்தத் தேதியில்தான் அவர்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தார்கள்.

திருநெல்வேலிக்கென்று ஒரு நாள் கிடையாதா?

விடுமுறையாகக் கிடையாது. என்னைக் கேட்டால் மார்ச் 13-ஐச் சொல்வேன். ஒரு நாளைக் கொண்டாடக் கூடாது என்று தடுத்ததிலிருந்து தொடங்கிய கதை அது. 1908 மார்ச் 9, வங்காளத்துச் சுதந்திரப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து வெளிவருகிறார். அந்த நாளைக் கொண்டாட வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஏற்பாடு செய்தார்கள். ஆட்சியர் தடுத்தார், தடையை மீறிக் கூட்டம் நடத்தினார்கள். 12-ம் தேதி கைது. 13-ம் தேதி திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் காவல் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அன்றைக்கு ஊரே தானாக அடைத்தது, யாரும் அறிவித்து அல்ல. வ.உ.சி. பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகவும் இருப்பதால், பள்ளிக்கூடங்களில் அவருக்கு மாலை போடுவதற்குள் கேக் வெட்டிவிடுகிறார்கள்.

உங்கள் கடைக்கு எப்போது லீவு?

ஞாயிறு மதியத்துக்கு மேல். அக்டோபர் 2 முழு நாள். ஆனித் தேரன்று காலையில் வடம் தொட்டுவிட்டு வந்து பதினொரு மணிக்குத் திறப்பேன், பேங்க் உண்டல்லவா, செலான் எழுத ஆள் வரும்.